கல்வெட்டு சொல்லாத காரணம்

(சரித்திரக் காதல் நாவல்களில் மர்மத்துக்கு உள்ள இடம் பற்றி, பொது நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சரித்திர நாவலுக்கு ஓர் அலமாரி, காதல் கதைக்கு ஓர் அலமாரி, துப்பறியும் கதைக்கு ஓர் அலமாரி என்று நூலகங்களில் பிரித்து அடுக்குவார்கள். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக விரும்பிப் படித்த சில நாவல்களை எந்த அலமாரியில் வைப்பது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். அவற்றில் அரசர்கள் இருக்கிறார்கள், காதலர்கள் இருக்கிறார்கள், கடைசிவரை அவிழாத ஒரு முடிச்சும் இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்று சேரும்போது நமக்கு ஏன் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வருவதில்லை? இன்று பேச எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

நான் சொல்லப்போவதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பெருமையைக் கேட்டு மகிழ்வதற்காக மட்டும் நாம் இந்த நாவல்களைப் படிப்பதில்லை. ஆவணங்களில் வெறும் பெயராக நிற்கும் மனிதர் உள்ளுக்குள் என்ன நினைத்தார், யாரை நேசித்தார், எதற்காக அப்படிச் செய்தார் என்று அறியும் ஆசை நமக்கு இருக்கிறது. கல்வெட்டும் செப்பேடும் அந்த இடத்தில் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தை நாவலாசிரியன் மர்மமாக மாற்றுகிறான். அந்த மர்மத்துக்குக் காதலைத் திறவுகோலாகத் தருகிறான். எல்லாக் கதவுகளையும் திறந்துவிடாமல், வரலாறு பூட்டி வைத்ததைப் பூட்டியே விடும் நேர்மை உள்ளவனே பெரிய எழுத்தாளன்.

இதற்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இன்னும் படிக்காத இளைஞர்கள் இங்கே இருப்பார்கள். மர்மம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டுமானால் கதையின் சில இடங்களைத் திறந்து காட்டத்தான் வேண்டும். அதனால் உங்கள் வாசிப்பு இன்பம் குறையாது. முடிவு தெரிந்த பிறகும் திரும்பத் திரும்பப் படிக்கப்படும் நாவல் அது.

முதலில் கொஞ்சம் பின்னணி. தமிழின் முதல் சரித்திர நாவலாகக் கருதப்படும் 'மோகனாங்கி' 1895இல் வெளிவந்தது. எழுதியவர் இலங்கைத் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை. நாயக்கர் காலத்து அரசியலும் ஒரு காதலும் அதில் பின்னிக் கிடக்கின்றன. ஆக, சரித்திரமும் காதலும் முதல் முயற்சியிலேயே கைகோத்துவிட்டன. 1941இல் 'கல்கி' இதழ் தொடங்கிய பிறகு இந்த வகை வீடுதோறும் நுழைந்தது. 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', பிறகு 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை 'பொன்னியின் செல்வன்'. சாண்டில்யனின் 'யவன ராணி', 'கடல் புறா', 'மன்னன் மகள்' என்று அந்த வரிசை நீண்டது. அகிலன், விக்கிரமன், ஜெகசிற்பியன் போன்றவர்களும் அவரவர் வழியில் எழுதினார்கள்.

வார இதழில் தொடராக வந்தது என்பது இந்த வகை நாவலின் உடலமைப்பையே தீர்மானித்தது. ஓர் அத்தியாயம் முடிந்தால் அடுத்த இதழுக்கு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் வாசகர் மனத்தில் ஒரு கேள்வி உயிரோடு இருந்தாக வேண்டும். இதழ் வந்ததும் வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது. படித்த பிறகு தொடர்ப் பக்கங்களைக் கிழித்து, மணியம் வரைந்த படங்களோடு சேர்த்துப் பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். அந்தப் பைண்டுகள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று திண்ணையில் நடந்த விவாதங்களும் அந்த நாவலின் ஒரு பகுதிதான். மர்மம் என்பது தனியாகப் படிக்கும் ஒருவரின் பதைப்பாக மட்டும் நிற்காமல், ஒரு குடும்பமே கூடி யோசிக்கும் விஷயமாக இருந்தது.

இப்போது மர்மத்துக்கு வருகிறேன். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டான். இது கற்பனை இல்லை. சுந்தர சோழரின் மூத்த மகன், அருண்மொழிக்கும் குந்தவைக்கும் அண்ணன், வீரபாண்டியனைப் போரில் வென்று தலை கொண்டவன். பட்டத்துக்கு உரியவன் பட்டம் ஏறாமலே இறந்தான். அவனுக்குப் பிறகு தம்பி அருண்மொழி உடனே அரசராகவில்லை. தகப்பன் தலைமுறையைச் சேர்ந்த மதுராந்தக உத்தம சோழர் அரியணை ஏறி ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆண்டார். 985இல்தான் அருண்மொழி, இராஜராஜனாக முடி சூடினார்.

இந்த மரணத்தைப் பற்றிச் சோழர்களின் சொந்த ஆவணங்கள் இரண்டு என்ன சொல்கின்றன என்று பாருங்கள். இராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி, பாண்டியன் தலையைத் தன் ஊரில் வெற்றிச் சின்னமாக நிறுத்திவிட்டு, வானுலகைக் காணும் ஆசையால் ஆதித்தன் மறைந்தான் என்று அழகாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, கொலை என்ற பேச்சே இல்லை. மக்கள் வேண்டியும் அருண்மொழி அரசை ஏற்கவில்லை, சிற்றப்பனுக்கு ஆட்சியின் மேல் ஆசை இருக்கும்வரை அதை மனத்தாலும் விரும்பவில்லை என்றும் அதே செப்பேடு சொல்கிறது.

இன்னோர் ஆவணம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாக அறிஞர்கள் கொள்ளும் கல்வெட்டு அது. அதில் அலங்காரம் எதுவும் கிடையாது. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராசன் ஆகியவை அந்தப் பெயர்கள். அவர்களுடைய உடைமைகளையும் உறவினர்களின் உடைமைகளையும் கைப்பற்றச் சொன்ன அரசாணையை ஒட்டிய செய்தி அது. உறவினர் பட்டியல் எதுவரை போகிறது தெரியுமா? தாய்மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மக்களை மணந்தவர்கள் வரை போகிறது.

ஒரே குடும்பத்தின் இரண்டு ஆவணங்கள். ஒன்று கொலையை மறைத்து வானுலகம் என்கிறது. மற்றொன்று கொலையாளிகளின் மைத்துனன்மாரைக்கூட விடாமல் கணக்கெடுக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் எவருக்கும் கேள்விகள் எழாமல் இருக்காது. பிரமாதிராசன் என்பது அரசு உயர் அலுவலர்கள் பெற்ற பட்டம். அரசுப் பதவியில் இருந்தவர்கள் இளவரசனை ஏன் கொன்றார்கள்? அவர்களுக்குப் பின்னால் யாராவது இருந்தார்களா? அதிகாரிகள் கொன்றது தெரிந்திருந்தால், நடவடிக்கை இத்தனை ஆண்டுகள் கழித்து இராஜராஜன் காலத்து ஆவணத்தில் வருவானேன்? உத்தம சோழரின் ஆட்சிக்காலம் முழுவதும் என்ன நடந்தது?

இந்தக் கேள்விகளில் வரலாற்று அறிஞர்களே மோதிக்கொண்டார்கள். 1935இல் வெளிவந்த தமது சோழர் வரலாற்றில் நீலகண்ட சாஸ்திரியார், உத்தம சோழரின் மேல் சந்தேகம் விழுவதைத் தவிர்க்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பிற்காலச் சோழர்கள் பற்றிய அவருடைய நூலின் முதல் பகுதி 1949இல் வந்தது. உத்தம சோழருக்கு இதில் பங்கு இல்லை என்று அவர் வாதிட்டார். உத்தம சோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பில் இருந்ததையும் நாம் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அண்ணனைக் கொல்வித்தவரின் மகனை அப்படி யாராவது நம்பிக் கூட வைத்துக்கொள்வார்களா?

அடுத்த ஆண்டு, 1950இல், கல்கி தொடரை ஆரம்பிக்கிறார். எந்த இடத்தில் ஆரம்பிக்கிறார் என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். ஆடிப் பதினெட்டு. வீரநாராயண ஏரி நிறைந்து கிடக்கிறது. இன்று சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் வீராணம் ஏரிதான் அது. அதன் நீண்ட கரை மேல் கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அங்கிருந்து வீரநாராயணபுரத்து விண்ணகரக் கோயில், பிறகு கடம்பூர் மாளிகை. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் பெற்றிருந்த ஊர்தான் இன்றைய காட்டுமன்னார்கோயில். அந்தக் கொலைக் கல்வெட்டு இருக்கும் உடையார்குடி அந்த ஊரின் பகுதி. கடம்பூரும் சில மைல் தொலைவுதான். கதைப்படி கரிகாலன் உயிர் விடுவது அந்தக் கடம்பூர் மாளிகையில். ஆதாரம் கிடைத்த மண்ணிலேயே கதையின் முதல் அடியையும் கொலையையும் கல்கி வைத்திருக்கிறார். புதுப்புனலையும் காதணிகள் ஆடும் பெண்களையும் பார்த்துக்கொண்டே போகும் முதல் வாசகருக்கு இது தெரியாது. இரண்டாம் முறை படிக்கும்போது தெரியும். அப்போது அந்த ஏரிக்கரை வேறு மாதிரி இருக்கும்.

துப்பறியும் கதைகளில் வழக்கமாக முதல் பக்கங்களிலேயே கொலை விழுந்துவிடும். மிச்சப் பக்கங்கள் முழுக்க யார் செய்தது என்ற தேடல். 'பொன்னியின் செல்வ'னில் கொலை நடப்பது ஐந்தாம் பாகத்தில். அதற்கு முன் நான்கு பாகங்கள், இருநூறு அத்தியாயங்களுக்கு மேல் கடந்துவிடுகின்றன. கொல்லப்போகிறவர்களின் பெயரைக்கூடக் கல்கி மறைக்கவில்லை. ரவிதாசனையும் சோமன் சாம்பவனையும் கல்வெட்டிலிருந்து அப்படியே எடுத்து, முதல் பாகத்திலேயே திருப்புறம்பயம் பள்ளிப்படையருகே இருட்டில் கூட்டி, சபதம் எடுக்க வைத்துவிடுகிறார். ஒற்றனான ஆழ்வார்க்கடியான் மறைந்திருந்து கேட்கிறான், நாமும் கேட்கிறோம். வானத்தில் வால்நட்சத்திரம். கரிகாலன் இறப்பான் என்பது சரித்திரம் தெரிந்தவருக்கு உறுதி. தெரியாதவருக்கும் அந்த அச்சம் தொற்றிக்கொள்கிறது.

அப்படியானால் மர்மம் எங்கே இருக்கிறது? என்ன நடக்கும் என்பதில் இல்லை. சரித்திர நாவலில் அந்த ஆயுதம் எழுத்தாளன் கையில் கிடையாது. 985இல் இராஜராஜன் முடி சூடுவார் என்பது பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால் வாசகரின் பதைப்பு வேறு இடத்துக்கு நகர்கிறது. தனக்கு ஆபத்து என்று எல்லோரும் எச்சரித்த பிறகும் கரிகாலன் ஏன் கடம்பூருக்குப் போகிறான்? பாட்டனார் மலையமான் தடுக்கிறார், தங்கை குந்தவை ஓலை அனுப்புகிறாள், நண்பன் வந்தியத்தேவன் கூடவே நிற்கிறான். ஆனாலும் போகிறான். ஏன்?

இங்கேதான் காதல் வருகிறது. சிறுவயதில் அவன் மனம் கொடுத்தவள் நந்தினி. பின்னாளில், காயப்பட்ட வீரபாண்டியன் கிடந்த குடிசை வாசலில் அவள் நின்று உயிர்ப்பிச்சை கேட்கிறாள். கரிகாலன் கேளாமல் அவள் கண் முன்னே தலையை வெட்டுகிறான். கல்வெட்டிலும் செப்பேட்டிலும் பெருமிதத்தோடு பொறிக்கப்பட்ட அந்த ஒரு வெற்றி, 'பாண்டியன் தலை கொண்ட' என்ற அந்தப் பட்டம், நாவலில் அவனைத் தூங்கவிடாத குற்றமாக மாறுகிறது. அரசவைக் கவிஞன் புகழாக எழுதியதை நாவலாசிரியன் ஒரு பெண்ணின் கண் வழியாகப் பார்க்கிறான். கரிகாலன் கடம்பூர் போவது அவளைப் பார்க்கத்தான். மன்னிப்புக் கேட்கவா, பழி தீர்க்கவா, சாகவா என்பது அவனுக்கே தெரியவில்லை. 'யார் கொன்றது' என்ற கேள்வியை 'யார் யாரை நேசித்தது' என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாதபடி இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார் கல்கி. இந்த வகை நாவலின் ஈர்ப்புக்கு வேர் இங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காதல் ஒரு பக்கம், சதி ஒரு பக்கம் என்று தனித்தனி இழையாக ஓடும் நாவல்களில் ஓர் இழை வரும்போது மற்றதை நாம் மறந்துவிடுகிறோம். இரண்டும் ஒரே முடிச்சாகும்போது மறக்க முடிவதில்லை.

'பார்த்திபன் கனவு' நாவலிலும் இதே வேலைப்பாடு உண்டு, சிறிய அளவில். உறையூர் இளவரசன் விக்கிரமனுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் ஒரு சிவனடியார் துணைக்கு வருகிறார். யார் அவர்? விக்கிரமன் நேசிப்பதோ தன் தந்தையைப் போரில் வீழ்த்திய பல்லவச் சக்கரவர்த்தி நரசிம்மரின் மகள் குந்தவியை. இந்தக் காதல் எப்படிக் கைகூடும்? இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். சிவனடியாராக வந்தவர் அந்தச் சக்கரவர்த்தியே. முகமூடி கழன்றதும் காதலின் தடையும் கழன்றுவிடுகிறது. சாண்டில்யனின் 'மன்னன் மகள்' தன் பிறப்பு ரகசியத்தைத் தேடிப் போகும் வீரனின் கதை. அவன் வாழ்க்கைக்குள் வேங்கி நாட்டு இளவரசியும் அந்நாட்டு அரசுரிமைச் சிக்கலும் வந்து சேர்கின்றன. 'நான் யார்' என்பதும் 'நான் யாருக்கு உரியவன்' என்பதும் அங்கே சேர்ந்தே நடக்கின்றன.

மர்மம் எப்படி ஒரு வரலாற்றுச் சிக்கலையே சுமக்க முடியும் என்பதற்கு இன்னோர் இடம் காட்டுகிறேன். உத்தம சோழரைச் சந்தேகிப்பதா, விடுவிப்பதா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள் என்றேன். அவருக்கு அரசாசை இருந்தது என்கிறது செப்பேடு. அவருடைய தாய் செம்பியன் மாதேவியோ செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய உத்தமி. அந்தத் தாயின் மகன் சதிக்குத் துணைபோயிருப்பாரா? கல்கி இதற்கு ஒரு கதைத் தீர்வு கண்டார். பிறந்தபோதே குழந்தைகள் மாறிவிட்டன. அரசுக்கு ஆசைப்பட்டுச் சதிகாரர்கள் கையில் பொம்மையாக இருந்த மதுராந்தகன் ஒருவன். பூமாலை கட்டிச் சிவன் கோயிலுக்குக் கொடுத்துவந்த சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மையான மகன். பின்னால் உத்தம சோழராக முடி சூடுபவன் அவன்தான். ஆசைப்பட்டவன் வேறு, ஆண்டவர் வேறு. ஆவணங்களில் முரணாக நிற்கும் இரண்டு முகங்களை இரண்டு மனிதர்களாக்கி இரண்டு ஆவணங்களையும் பொய்யாக்காமல் காத்திருக்கிறார். ஆள் மாறாட்டம் என்பது மர்மக் கதைகளில் பழகிப்போன உத்திதான். ஒரு வரலாற்று விவாதத்துக்கு விடையாக அதைப் பயன்படுத்தும்போது அதன் தகுதி உயர்ந்துவிடுகிறது. வரலாறாக அதை ஏற்கவேண்டியதில்லை. கதையாக அது எவ்வளவு சிந்தித்துச் செய்யப்பட்டது என்பதை மதிக்கவேண்டும்.

அடுத்து, பெண்கள். கல்வெட்டுகள் அரண்மனைப் பெண்களைக் கொடையாளர்களாக அறிகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவையார் தம் தந்தைக்கும் தாய்க்கும் திருமேனி எடுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்றும் சொல்கிறது. வந்தியத்தேவனைப் பற்றி நமக்குச் சான்றாகக் கிடைப்பது ஏறத்தாழ அவ்வளவே, மனைவியின் பெயரோடு சேர்ந்து வரும் ஒரு பெயர். அந்த ஒரு குறிப்பிலிருந்து 293 அத்தியாயங்களுக்கு ஈடுகொடுக்கும் ஒரு கதாநாயகனை உருவாக்கினார் கல்கி. அவனை மணந்தவள் சாதாரணப் பெண்ணல்ல, தம்பியின் பெருமதிப்பைப் பெற்ற குந்தவை என்பது சரித்திரம். அப்படிப்பட்டவள் மனத்தைக் கவர்ந்தவன் எப்படி இருந்திருப்பான்? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் வந்தியத்தேவனின் குறும்பும் துணிவும் பிறந்திருக்கவேண்டும்.

மர்மத்தில் ரகசியம் தெரிந்தவர்களுக்கே அதிகாரம். அந்த நாவலில் ரகசியங்களின் சாவி பெரும்பாலும் பெண்களிடம் இருக்கிறது. குந்தவை பழையாறையில் இருந்தபடியே செய்தி திரட்டி, ஆள் அனுப்பி, சதியின் நூலைப் பிடித்துக்கொண்டே போகிறாள். நந்தினி பழுவூர் அரண்மனையில் இருந்து அதே நூலை மறுபக்கத்திலிருந்து இழுக்கிறாள். பூங்குழலி கோடிக்கரைக் கடலை அறிந்தவள். எல்லோருக்கும் மேலே ஊமை ராணி மந்தாகினி. யார் யாருக்குப் பிறந்தார்கள், எந்தக் குழந்தை எங்கே போனது என்று முழுதும் அறிந்தவள் அவள். அவளால் பேச முடியாது. இளம்வயதில் அவளை நேசித்த சுந்தர சோழர் அவள் இறந்துவிட்டாள் என்று நம்பிக் குற்ற உணர்வில் நோயாளியாகக் கிடக்கிறார். கடைசியில் அவரைக் குறிவைத்த வேலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு அவள் இறக்கிறாள். எல்லாம் தெரிந்தவள் எதையும் சொல்லாமல் போய்விடுகிறாள். கடந்த காலத்தோடு நமக்கு உள்ள உறவை இதைவிடக் கூர்மையாகக் காட்டும் பாத்திரத்தை நான் தமிழில் வேறெங்கும் கண்டதில்லை.

இனிக் கொலை நடக்கும் அந்த அறைக்குப் போவோம். கடம்பூர் மாளிகையில் நந்தினியின் அறை. கரிகாலன் இருக்கிறான். வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான். சதிகாரர்கள் சுரங்க வழியில் காத்திருக்கிறார்கள். காளாமுக வேடத்தில் நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையர் வருகிறார். விளக்கு அணைகிறது. வெளிச்சம் வரும்போது கரிகாலன் பிணமாகக் கிடக்கிறான். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. பிறகு பழுவேட்டரையர் பழியைத் தாமே ஏற்க முன்வருகிறார். வந்தியத்தேவனைக் காக்க, கடம்பூர் இளவரசி மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். ஒருவர் குற்ற உணர்வால் ஒப்புக்கொள்கிறார், ஒருத்தி காதலால் ஒப்புக்கொள்கிறாள். உண்மையில் யார் கை? கரிகாலன் தானே சாவைத் தேடிக்கொண்டானா? ஐந்து பாகம் கூடவே நடந்துவந்த வாசகருக்கும் கல்கி அதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லவில்லை. நந்தினிக்கு வீரபாண்டியன் காதலனா தந்தையா என்பதையும் மங்கலாகவே விட்டிருக்கிறார்.

கதை முடிந்தபோது வாசகர்களில் பலருக்கு மனம் நிறையவில்லை. கேள்விகள் கேட்டு எழுதினார்கள், கல்கியும் முடிவுரை எழுதிச் சிலவற்றுக்கு விளக்கம் தந்தார். இன்றும் இளைஞர்கள் அதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள்: "ஐயா, கடைசியில் யார்தான் கொன்றது?" ஒரு பெயரைச் சொல்லி முடித்துவைப்பது கல்கிக்குக் கடினமான காரியமே இல்லை. அவர் அப்படிச் செய்திருந்தால் ஒரு துப்பறியும் கதை நன்றாக முடிந்திருக்கும். உடையார்குடிக் கல்வெட்டின் முன் நாம் திகைத்து நிற்கும் நிலையை நாவல் இழந்திருக்கும். வரலாறு கொலையாளிகளின் பெயரைத் தந்து காரணத்தை இருட்டில் விட்டது. நாவல் காரணங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கையை மட்டும் இருட்டில் விட்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் நமக்கு அந்த மரணம் முழுதாகக் கிடைக்கிறது. இது தப்பித்துக்கொள்ளும் வேலை இல்லை, பொறுப்புள்ள வேலை.

நண்பர்களே, இந்த வகை நாவல்கள் எல்லாமே இப்படி இருப்பதில்லை. மாறுவேடம் மாறுவேடத்துக்காகவே, சுரங்கம் சுரங்கத்துக்காகவே வரும் நாவல்கள் நிறைய உண்டு. அவற்றில் காதல் என்பது இளவரசியின் அழகை வருணிக்கும் பத்திகளாகச் சுருங்கிவிடுகிறது. வேறு சிலவற்றில் மர்மமே இருப்பதில்லை. நம் அரசர் என்றால் தவறே செய்யாதவர் என்று முதலிலேயே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும். தீர்ப்பு எழுதிய பிறகு விசாரணை எதற்கு? சரித்திரத்தைப் பெருமைக்காக மட்டும் எடுத்துக்கொண்டால் மர்மம் செத்துவிடும். மர்மம் இருக்க வேண்டுமானால் நம் முன்னோர்கள் சந்தேகத்துக்கு உரியவர்களாகவும் இருக்க நாம் அனுமதிக்கவேண்டும். கல்கி சோழர்களை நேசித்தார். ஆனாலும் கரிகாலனை வெறி பிடித்தவனாகவும் தவித்தவனாகவும் காட்ட அவர் தயங்கவில்லை. பழுவேட்டரையரைக் கோட்டைவிட்ட கணவராகவும் மானமுள்ள வீரராகவும் ஒருசேரக் காட்டினார். நேசிப்பவர்களைப் பற்றி உண்மை தேடுவதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டும்.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. மணிரத்னத்தின் இரண்டு படங்கள் 2022இலும் 2023இலும் வந்த பிறகு புதிய தலைமுறை ஒன்று இந்த நாவலுக்குள் வந்திருக்கிறது. மனம் நிறைய மகிழ்ச்சி. நந்தினிக்கு எந்தக் கல்வெட்டில் ஆதாரம் இருக்கிறது, ஊமை ராணியின் சிலை எந்தக் கோயிலில் இருக்கிறது என்று கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள். நந்தினி, மந்தாகினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், சேந்தன் அமுதன் ஆகியோர் கல்கியின் படைப்புகள். சுந்தர சோழர், ஆதித்த கரிகாலன், அருண்மொழி, குந்தவை, செம்பியன் மாதேவி, வந்தியத்தேவன், அன்பில் செப்பேடு கூறும் அமைச்சர் அநிருத்தர் ஆகியோர் வரலாற்று மனிதர்கள். இந்தக் கோட்டைத் தெரிந்து வைத்துக்கொள்வதால் நாவலின் சுவை கெடாது, கூடும். எந்த இடத்தில் சான்று நின்றது, எந்த இடத்தில் கற்பனை கை கொடுத்தது என்று தெரிந்தால்தான் அந்தக் கற்பனையின் வலிமை புரியும்.

அதனால் நூலகத்தாருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்த நாவலின் ஐந்து பாகங்களை அடுக்கும் அதே தட்டில் சதாசிவ பண்டாரத்தாரின் நூலையும் நீலகண்ட சாஸ்திரியாரின் நூலையும் வையுங்கள். ஐந்தாம் பாகத்தைத் திருப்பித் தரும் இளைஞர் கையில் அவற்றில் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். அவர் அதைப் படிப்பார், ஏனென்றால் அவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கிறது. 'இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்' என்று எந்த ஆசிரியர் சொன்னாலும் பிறக்காத ஆர்வத்தை ஒரு காதலும் ஒரு கொலையும் சேர்ந்து அவருக்குள் உண்டாக்கிவிட்டன. விடுமுறையில் வீராணம் கரைக்குப் போகிறவர்கள் அப்படியே உடையார்குடிக்கும் போய் வாருங்கள். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். முடிந்தால் நீங்களே படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

சரித்திரமும் காதலும் மர்மமும் கலந்த நாவல்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த ஓர் அநீதிக்கு ஏன் என்று காரணம் கேட்கும் சமூகம், தன் காலத்து அநீதிக்கும் காரணம் கேட்கப் பழகும். அரசர்களின் வெற்றிகளுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் அழுகுரல் இருந்திருக்கலாம் என்று யோசிக்கக் கற்ற வாசகர், இன்றைய வெற்றி முழக்கங்களையும் அப்படியே நம்பிவிடமாட்டார். அந்தப் பயிற்சியைக் கதை சொல்லிச் சொல்லியே நமக்குத் தந்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நிறையப் படியுங்கள், படித்தபின் கேளுங்கள், விடை கிடைக்காத இடத்தில் பொய்யான விடையால் சமாதானம் அடையாதீர்கள்.